படையா, புற்றா?

தோல் டி-செல் லிம்போமா தோலிலேயே தோன்றி, பலரிடம் ஆண்டுக்கணக்கில் தோலைத் தாண்டாமலே இருக்கும் புற்றுநோய். டி-செல்கள் உடலின் காவலுக்கான வெள்ளையணுக்கள். இரத்தம், நிணநீர்க் கணு, தோல் என்று ஓயாமல் சுற்றி வருபவை. தோலைத் தங்குமிடமாகக் கொண்ட அத்தகைய செல் ஒன்று கட்டுப்பாட்டை இழந்து, தன்னைப் போன்றவற்றையே பெருக்கத் தொடங்கும்போது இந்நோய் உருவாகிறது. அரிய நோய்தான். அமெரிக்காவில் 1973 முதல் 2002 வரையிலான பதிவேடுகளின்படி, ஆண்டுதோறும் 10 லட்சம் பேரில் சுமார் 6 பேருக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டது. நடுவயதைக் கடந்தவர்களிடம் கூடுதலாகவும், பெண்களைவிட ஆண்களிடம் அதிகமாகவும் காணப்படுகிறது.

இந்த நோயின் சிக்கல் அதன் அரிய தன்மையில் மட்டும் இல்லை. அது அன்றாடம் காணும் தோல்நோய்களின் சாயலிலேயே வருகிறது. தொடக்கத்தில் படர்தாமரை போலவும், கரப்பான் போலவும், சொரியாசிஸ் போலவும், சில தோல்நிறங்களில் தேமல் போலவும் இருக்கும். களிம்பு தடவினால் சில வாரம் மங்கும், பிறகு திரும்பும். ஆரம்ப நிலையில் உள்ளவர்களைப் பின்தொடர்ந்த பன்னாட்டுப் பதிவேடு ஒன்றில், முதல் அறிகுறிக்கும் நோய்க்குப் பெயர் சூட்டப்பட்ட நாளுக்கும் இடைப்பட்ட காலத்தின் இடைநிலை அளவு 36 மாதங்களாக இருந்தது. மூன்று ஆண்டுகள் ஒரு நோயாளி பல களிம்புகளையும் பல மருத்துவர்களையும் பார்த்துவிடுகிறார். கவனக்குறைவு மட்டும் இதற்குக் காரணமல்ல. இந்நோயைத் தனியாகச் சுட்டிக்காட்டும் பரிசோதனை ஒன்றுகூட இல்லை. கண்ணால் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. நுண்ணோக்கியில் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. தோல் மருத்துவரும் பேத்தாலஜிஸ்ட் எனப்படும் நோய்க்குறியியல் நிபுணரும் தாங்கள் கண்டதை ஒருவர் முன் ஒருவர் வைத்துப் பேசினால்தான் விடை கிடைக்கிறது.

பெயரில் வந்த பூஞ்சை

இந்தக் குடும்பத்தில் மிகுதியாகக் காணப்படுவது மைகோசிஸ் ஃபங்காய்டிஸ். பெயரைக் கேட்டவர்கள் பூஞ்சைத் தொற்று என்றே நினைப்பார்கள். பூஞ்சைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் லூயி அலிபெர், 1806இல் ஒரு நோயாளியின் உடலில் காளான் போல் எழும்பிய கட்டிகளைப் பதிவு செய்தார்; 1832இல் அந்தத் தோற்றத்தை வைத்தே பெயரும் இட்டார். அறியாமல் வந்த அந்தப் பெயர் இன்றும் நோயாளிகளைக் குழப்புகிறது. மருத்துவச் சீட்டில் பெயரைப் படித்துவிட்டு, வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று துண்டையும் சோப்பையும் பிரித்து வைப்பவர்கள் உண்டு. தேவையே இல்லை, இது ஒட்டாது.

1870இல் பியேர் பசான் இந்நோய் மூன்று படிகளில் நகர்வதை விவரித்தார்: தட்டையான திட்டு, தடித்த படை, கட்டி. எல்லோரும் மூன்று படிகளையும் ஏறுவதில்லை. திட்டு நிலையிலேயே வாழ்நாள் முழுவதும் நின்றுவிடுபவர்கள் பலர். 1938இல் அல்பேர் செசாரி, உடல் முழுதும் சிவந்து உரியும் நோயாளிகளின் இரத்தத்தில் விசித்திரமான பெரிய செல்களைக் கண்டு பூவ்ரானுடன் சேர்ந்து எழுதினார். அதுவே செசாரி நோய்க்கூட்டம். அந்தச் செல்லின் உட்கரு மூளையின் மடிப்புகளைப் போலச் சுருண்டிருப்பதைப் பின்னாளில் மின்னணு நுண்ணோக்கி காட்டியது. தனித்தனியாகக் கிடந்த இந்த நோய்களை டி-செல் என்ற ஒரே வேரில் இணைத்துப் பொதுப்பெயர் கொடுத்தது 1970களில்தான்.

பெயர் சரியாக அமைவது ஏன் முக்கியம் என்பதை நெதர்லாந்து, ஆஸ்திரியப் பதிவேடுகள் காட்டுகின்றன. 1986 முதல் 2002 வரை அவற்றில் சேர்ந்த 1,905 தோல் லிம்போமா நோயாளிகளில் 44 விழுக்காட்டினருக்கு மைகோசிஸ் ஃபங்காய்டிஸ். அவர்களில் 88 விழுக்காட்டினர் இந்நோயால் இறக்காமல் ஐந்து ஆண்டுகளைக் கடந்தனர். செசாரி நோய்க்கூட்டத்தில் அந்த அளவு 24 விழுக்காடு மட்டுமே. ஒரே குடும்பத்துக்குள் இவ்வளவு தூரம்.

ஆடைக்குள் ஒளிந்திருக்கும் திட்டுகள்

தோல் மருத்துவரிடம் உள்ள முதல் கருவி, நோயாளியின் முழு உடலையும் பார்ப்பது. மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் வெயில் படாத இடங்களை விரும்பும்: இடுப்பு, பிட்டம், தொடையின் உட்புறம், அக்குள் ஓரம், மார்பகம். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் சட்டைக் கையை மடித்து முழங்கையை மட்டும் நீட்டும் நோயாளியிடம் இந்நோய் பிடிபடாது. கூச்சத்தை மதித்து, திரைக்குப் பின்னே, தேவையானால் பெண் உதவியாளரை அருகில் வைத்துக்கொண்டு முழுமையாகப் பார்க்கும் பத்து நிமிடம், பிறகு வரும் பல ஆயிரம் ரூபாய்ப் பரிசோதனைகளைவிட மதிப்பு மிக்கது.

திட்டுகளின் இயல்பும் பேசும். ஒன்று ரூபாய் நாணயம் அளவு, இன்னொன்று உள்ளங்கை அளவு, மற்றொன்று ஒழுங்கற்ற நீள்வடிவம் என அளவும் வடிவமும் மாறுபட்டிருக்கும். தோல் மெலிந்து, மெல்லிய தாள் கசங்கியதுபோல் நுண்சுருக்கம் விழுந்திருக்கும். சில இடங்களில் கருமையும் வெளுப்பும் நுண்ணிய இரத்தக்குழாய்ச் சிவப்பும் கலந்து ஒரே திட்டில் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, காலம். வந்துபோகும் படைக்கும், ஆண்டுகளாக அதே இடத்தில் நின்று மெதுவாக அகலும் படைக்கும் வேறுபாடு உண்டு. அந்த வரலாறு நோயாளியின் வாயில்தான் இருக்கிறது. எந்த ஸ்லைடிலும் இல்லை.

மாநிறத்திலும் கருநிறத்திலும் இந்நோய் வேறு முகம் காட்டும். சிவப்புத் தெரியாது, வெளுத்த திட்டுகளாக வரும். இந்த வெளிர்நிற வகை சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. தமிழ்நாட்டில் ஒரு வெளுத்த திட்டைப் பார்த்ததும் வீட்டார் மனத்தில் எழுவது தேமல், அடுத்து வெண்புள்ளி, அதற்கும் அடுத்து, யாரும் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் தொழுநோய். மருத்துவரும் தொழுநோயை முதலில் சோதிப்பது சரியே. பஞ்சால் தொட்டுப் பார்த்து உணர்ச்சி குறைந்திருக்கிறதா, முழங்கையிலும் முழங்காலிலும் நரம்புகள் தடித்திருக்கின்றனவா என்று அறிவது அடிப்படை. உணர்ச்சியும் நரம்பும் சரியாக இருந்து, பூஞ்சை மருந்துக்கும் அசையாமல் திட்டுகள் பெருகினால் லிம்போமாவை நினைக்க வேண்டும். அந்த நினைப்பு வராதவரை, திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்சிக்கான நாள் வராது.

இன்னொரு தடை மருந்துக்கடையிலிருந்து வருகிறது. ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த களிம்புகள் சீட்டு இல்லாமலே கிடைக்கின்றன. ஸ்டீராய்டு பட்டதும் லிம்போமா செல்களும் சுருங்கி மறையும், திட்டு மங்கும், நோய் போய்விட்டதாகத் தோன்றும். இந்த நிலையில் எடுத்த பயாப்சி வெறும் அழற்சி என்று வந்துவிடலாம். எனவே திசு எடுப்பதற்கு முன் 2 முதல் 4 வாரம் களிம்பை நிறுத்தச் சொல்வது வழக்கம். அரிப்புடன் அத்தனை நாள் காத்திருக்க வேண்டிய நோயாளிக்கு அதன் காரணத்தைப் பொறுமையாக எடுத்துச் சொன்னால்தான் அவர் உண்மையிலேயே நிறுத்துவார்.

எங்கே எடுப்பது, என்ன எழுதுவது

எந்தத் திட்டில் பயாப்சி எடுப்பது என்பது பாதி நோயறிதல். சொறிந்து புண்ணான இடமும் மருந்து தடவிய இடமும் பயன்படாது. இருப்பதில் தடித்த, தொடாத இடம் வேண்டும். ஒரே இடம் போதாது. தோற்றம் மாறுபடும் இரண்டு மூன்று இடங்களில் எடுத்தால் வாய்ப்பு கூடும். 4 முதல் 6 மில்லிமீட்டர் வட்டக் கத்தியால் துளைத்து எடுப்பது பரவலான முறை. மெல்லிய திட்டுகளில் சற்று அகலமாகச் சீவி எடுப்பதும் உதவும், ஏனென்றால் தேடுவது மேல்தோலுக்கும் அதன் அடிப்பரப்புக்கும் நடுவில் இருக்கிறது. திசு ஃபார்மலினில் ஊறி, மெழுகில் பதிந்து, சில மைக்ரான் தடிமனில் சீவப்பட்டு, ஊதாவும் இளஞ்சிவப்புமான சாயம் ஏறி ஸ்லைடாகிறது.

திசுக் குப்பியுடன் ஒரு தாளும் போகும். பல இடங்களில் அதில் இருப்பது நோயாளியின் பெயர், வயது, பிறகு ‘தோல் பயாப்சி’ என்ற இரண்டு சொற்கள். இந்தக் கட்டுரையின் பொருளில் இதைவிடப் பெரிய தவறு இல்லை. எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, எங்கெல்லாம் இருக்கிறது, தானாக மறைந்து திரும்புகிறதா, வலிப்பு மருந்து உட்கொள்கிறாரா, களிம்பு எப்போது நிறுத்தப்பட்டது, எதை ஐயுறுகிறோம் என்ற ஆறு வரிகள் போதும். கூடவே திட்டின் ஒரு படம். நோயாளியின் அனுமதியோடு எடுத்த ஒரு செல்பேசிப் படம்கூட நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருப்பவருக்கு ஒரு முழு உடலைக் காட்டிவிடுகிறது.

ஸ்லைடில் தெரிவதும் தெரியாததும்

சாதாரணக் கரப்பானில் மேல்தோல் செல்களுக்கிடையே நீர் கோத்து, அது நுரைப்பஞ்சு போல் விரியும். அங்கே டி-செல்கள் உள்ளிட்ட லிம்போசைட்டுகள் சென்றிருந்தால் அந்த நீர்க்கோப்புக்கு ஏற்ற அளவில் இருக்கும். லிம்போமாவில் நீர்க்கோப்பு குறைவு, ஆனால் லிம்போசைட்டுகள் மேல்தோலுக்குள் ஏறியிருக்கும். அடிவரிசையில் முத்துக் கோத்ததுபோல் ஒன்றன்பின் ஒன்றாக அமர்ந்திருக்கும். சுற்றிலும் சிறு வெளி விழுந்திருக்கும். கீழே இருப்பவற்றைவிட மேலே ஏறியவை சற்றுப் பெரிதாக, உட்கரு சுருண்டதாக இருக்கும். அவற்றின் அடியில் கொலாஜன் இழைகள் கம்பி போல் தடித்திருக்கும். லிம்போசைட்டுகள் மேல்தோலுக்குள் கொத்தாகக் கூடிய சிறு குழிக்குப் பாத்ரியே நுண்சீழ்க்கட்டி என்று பெயர். அதில் சீழ் இல்லை. இதுவும் பழைய பெயர் விட்டுச்சென்ற பிழை. பாடநூல்களில் இதுதான் அடையாளமாக அச்சாகியிருக்கிறது. ஆனால் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்திலிருந்து 2005இல் வந்த ஆய்வில், திட்டு நிலையில் எடுத்த 745 பயாப்சிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில்தான் அது காணப்பட்டது. அதற்காகவே காத்திருப்பவர் ஆரம்ப நோயில் பெரும்பாலானவற்றைத் தவறவிடுவார்.

ஆரம்ப நிலையில் புற்றுச் செல்கள் எண்ணிக்கையில் சிறுபான்மை. அவற்றை எதிர்க்க வந்த நல்ல செல்களே அங்கு நிறைந்திருக்கும். அதனால் ஒரே நோயாளியிடம் ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு பயாப்சிகளில் முதலாவது ‘அழற்சி’ என்றும் இரண்டாவது ‘லிம்போமா’ என்றும் வருவது உண்டு. முதல் அறிக்கை பொய்யாகிவிடவில்லை. அன்று தெரிந்தது அவ்வளவுதான்.

ஒரே ஸ்லைடு, நான்கு விடைகள்

இரு துறையும் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை மிகத் தெளிவாகக் காட்டுவது லிம்போமடாய்டு பாப்புலோசிஸ் என்னும் நோய். 1968இல் மெக்காலே இதை விவரித்தபோது, நுண்ணோக்கியில் கொடியதாகவும் உடலில் சாதுவாகவும் இருக்கும் இந்த முரணையே முதன்மைப்படுத்தினார். சிவந்த சிறு பருக்கள் கூட்டமாக எழும்; நடுவில் கறுத்துப் புண்ணாகும்; சில வாரங்களில் தானாக ஆறித் தழும்பாகும்; சில மாதம் கழித்து மறுபடி எழும். இப்படிப் பல ஆண்டுகள் ஓடும். அந்தப் பருவைச் சீவிப் பார்த்தால், சிடி30 என்ற புரதத்துக்கான சாயம் பளிச்சென்று ஏறும் பெரிய, கோணலான செல்கள் கூட்டம் கூட்டமாகத் தெரியும்.

அதே காட்சியைத் தரும் வேறு நோய்களும் உண்டு. தோலில் தனியொரு பெரிய கட்டியாக வரும் அனாபிளாஸ்டிக் பெருஞ்செல் லிம்போமா ஒன்று. நிணநீர்க் கணுவில் பிறந்து தோலுக்குப் பரவிய அதே பெயருடைய லிம்போமா மற்றொன்று; அதற்கு வலிமையான கீமோதெரபி தேவை. நெடுநாள் மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் முற்றிப் பெருஞ்செல்லாக மாறியது இன்னொன்று. போதாக்குறைக்கு, சிரங்குப் பூச்சியால் எழும் முடிச்சிலும் பூச்சிக்கடியிலும்கூட சிடி30 ஏற்கும் செல்கள் வரும். ஸ்லைடு மட்டும் கையில் இருப்பவர் இவற்றை உறுதியாகப் பிரிக்க முடியாது. ‘இந்தப் பரு ஆறு வாரத்தில் தானாகப் போய்விடுமா?’ என்று நோயாளியிடம் கேட்கும் ஒரு கேள்வியே இங்கு தீர்ப்பு. லிம்போமடாய்டு பாப்புலோசிஸ் உள்ளவர்கள் பெரும்பாலும் இயல்பான ஆயுளோடு வாழ்கிறார்கள். சிலருக்கு மட்டும் வேறு லிம்போமா சேர்ந்து வரக்கூடும் என்பதால் கண்காணிப்பு தொடர்கிறது. பாப்புலோசிஸ் மட்டும் உள்ளவர்களுக்குப் பரவிய லிம்போமாவுக்கான கீமோதெரபி கொடுப்பது, இல்லாத எதிரியோடு போரிடுவது.

மதிப்பெண்ணும் மரபணுவும்

ஐயம் நீங்காதபோது அடுத்த சாயங்கள் வருகின்றன. இயல்பான டி-செல்லின் மேல் சிடி2, சிடி3, சிடி5, சிடி7 என்ற புரதங்கள் இருக்கும். புற்றாக மாறிய செல்கள் இவற்றில் சிலவற்றை உதிர்த்துவிடும். சிடி7 குறைவது முன்னதாகவே நிகழும். ஆனால் சில அழற்சிகளிலும் அது குறையும் என்பதால் தனியாக நம்ப முடியாது. பிறகு மரபணு. ஒவ்வொரு டி-செல்லும் தனக்கென ஓர் ஏற்பி மரபணு வரிசையைக் கொண்டது. திசுவில் ஒரே வரிசை மிகுந்திருந்தால், அந்தக் கூட்டம் ஒரே தாய்ச்செல்லிலிருந்து கிளைத்தது என்று பொருள். பி.சி.ஆர் முறையும், இப்போது ஆழ்ந்த மரபணு வரிசையாக்கமும் இதைக் கண்டுபிடிக்கின்றன. எனினும் ஒற்றைக் கூட்டம் என்பதே புற்று என்று ஆகாது. சில சாதுவான தோல்நோய்களிலும் அது தெரியும். உடலின் இரு வேறு திட்டுகளில் அதே வரிசை கிடைத்தால் நம்பிக்கை பன்மடங்கு கூடுகிறது. இரண்டு இடங்களில் எடுக்கச் சொன்னதன் பயன் இங்கே தெரியும்.

2005இல் பன்னாட்டுத் தோல் லிம்போமா சங்கத்தைச் சேர்ந்தவர்கள் ஆரம்ப மைகோசிஸ் ஃபங்காய்டிஸுக்கு ஒரு மதிப்பெண் முறையை முன்வைத்தார்கள். நோயாளியின் உடலில் தெரிவதற்கு அதிகபட்சம் 2, நுண்ணோக்கிக்கு அதிகபட்சம் 2, மரபணுவுக்கு 1, சாயங்களுக்கு 1. நான்கு வந்தால் நோய் உண்டு. மரபணுவும் சாயமும் இரண்டும் ஆமென்றாலும் மொத்தம் 2தான். நுண்ணோக்கியின் முழு மதிப்பெண்ணைத் தனியே வைத்தாலும் 2தான். எந்த ஒரு வகைச் சான்றும் தனியாக நான்கை எட்ட முடியாதபடி அந்தக் கணக்கு அமைந்திருக்கிறது. அறிவியல் கூட்டங்களில் எண்களாகப் பேசப்படும் இந்த முறையின் உயிர் அதுவே.

உடல் முழுதும் சிவந்து உரியும் நிலையில் தோல் பயாப்சியே கைவிட்டுவிடும். செசாரி நோய்க்கூட்டத்தில் தோல் ஸ்லைடு வெறும் அழற்சியாகத் தெரிவது வழக்கமான அனுபவம். அப்போது இரத்த ஆய்வகமும் கூட்டில் சேர்கிறது. ஒரு மைக்ரோலிட்டரில் 1,000 செசாரி செல்களோ அதற்கு மேலோ இருந்து, அவற்றின் மரபணு வரிசையும் தோலில் கண்டதோடு ஒத்திருந்தால் ஐயம் தீர்கிறது. செல்களை லேசர் ஒளியில் ஓடவிட்டு எண்ணும் ஃப்ளோ சைட்டோமெட்ரி, சிடி4 செல்கள் சிடி8ஐப் போல் 10 மடங்கோ அதற்கும் மேலோ பெருகியிருக்கின்றனவா, சிடி26ஐ இழந்தவை எவ்வளவு என்று காட்டும். ஜப்பானின் தென்மேற்குப் பகுதியிலிருந்தோ கரீபியத் தீவுகளிலிருந்தோ வந்தவர்களிடம் எச்.டி.எல்.வி-1 வைரஸையும் சோதிப்பார்கள். அந்த வைரஸால் வரும் லிம்போமா தோலில் மைகோசிஸ் ஃபங்காய்டிஸ் போலவே தோன்றும். ஆனால் அதன் போக்கு வேறு, மருந்தும் வேறு.

ஒரே மேசையில்

நெதர்லாந்தில் 1985 முதல் தோல் லிம்போமாக்களுக்குத் தனிக்குழு இயங்குகிறது. நாட்டின் பல மருத்துவமனைகளிலிருந்து வரும் ஸ்லைடுகளைத் தோல் மருத்துவர்களும் நோய்க்குறியியல் நிபுணர்களும் ஒன்றாக அமர்ந்து, நோயாளியின் படங்களோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். இன்று உலகம் பயன்படுத்தும் வகைப்பாட்டில் பெரும்பகுதி இத்தகைய மேசைகளில் உருவானது. பல தலைகள் கொண்ட நுண்ணோக்கியின் இருபுறமும் அமரும் இந்தக் கூட்டத்துக்குப் பெரிய செலவில்லை. வாரத்தில் ஒரு மணி நேரமும், கருத்தை மாற்றிக்கொள்ளும் மனமும் போதும்.

அந்த மேசையில் ‘இல்லை’ என்று சொல்வதும் ‘ஆம்’ என்பதற்கு நிகரான பொறுப்பு. கரப்பான் என்று எண்ணி டுபிலுமாப் ஊசி போட்டபின் மறைந்திருந்த லிம்போமா வெளிப்பட்ட நோயாளிகளை 2018க்குப் பின் பல நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சைக்ளோஸ்போரினும் இத்தகைய நோயை முடுக்கிவிடலாம். பெரியவர்களுக்குப் புதிதாக வந்து மருந்துக்கு அடங்காத ‘கரப்பானை’ இந்த மருந்துகளுக்கு முன் ஒருமுறை பயாப்சி செய்வது நல்லது. மறுபுறம், அவசரமாகப் புற்று என்று முத்திரை குத்துவதும் காயப்படுத்தும். அமெரிக்காவில் 103 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 1989இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலேயே கீமோதெரபியும் எலக்ட்ரான் கதிரும் சேர்த்துக் கொடுத்தவர்கள், மேல்பூச்சில் தொடங்கிப் படிப்படியாகச் சிகிச்சை பெற்றவர்களைவிடக் கூடுதல் காலம் வாழவில்லை. பக்கவிளைவுகளை மட்டும் கூடுதலாகச் சுமந்தார்கள். உடற்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் திட்டு உள்ளவர்களின் ஆயுள், நோயில்லாத அவர்கள் வயதினரின் ஆயுளை ஒட்டியே இருக்கிறது. களிம்பும் புறஊதா ஒளியும் அவர்களுக்குப் போதுமானவை.

எனவே குழு எழுதும் அறிக்கை பலமுறை ‘மைகோசிஸ் ஃபங்காய்டிஸுடன் பொருந்துகிறது, மருத்துவத் தோற்றத்தோடு இணைத்துப் பார்க்கவும், 3 முதல் 6 மாதத்தில் மறுபயாப்சி’ என்ற வடிவில் இருக்கும். நோயாளிக்கு இது மழுப்பலாகத் தோன்றலாம். அவருக்கு நேரில் விளக்குவது தோல் மருத்துவரின் வேலை: இப்போது உயிருக்கு அவசரமில்லை, தவறான பெயரைவிடக் காத்திருப்பது பாதுகாப்பு, இந்த மாதங்களில் என்ன மாறினால் உடனே வர வேண்டும். பெயர் உறுதியான பின்னும் அந்த மேசை கலைவதில்லை. பல ஆண்டு அமைதியாக இருந்த படையில் திடீரென ஒரு முடிச்சு எழுந்தால் மீண்டும் திசு எடுக்கிறார்கள். ஊடுருவிய செல்களில் பெருஞ்செல்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் நோய் உருமாறிவிட்டது என்று பொருள். சிகிச்சையும் மாற வேண்டும். அன்று பெட்டியிலிருந்து பழைய ஸ்லைடுகளும் பழைய படங்களும் எடுக்கப்பட்டு, புதியதன் அருகே வைக்கப்படுகின்றன.